ஆசாரியன் விடியற்காலையில் என்ன வேலை செய்தான்? ஆரோனின் ஊழியமும் இன்றைய விசுவாசியும்

#1 மெராரி3200

அனைவருக்கும் ஸ்தோத்திரம். ஆசாரிய ஊழியத்தைப் பற்றி ஆறு வார வேதபாடம் நடத்த நினைக்கிறவர்களுக்கு உதவும்படி இந்த இழை.

நம் பிரசங்கங்களில் ஆசாரியன் என்றால், முதல் பிரதான ஆசாரியனான ஆரோனின் உடையைத் தாண்டுவதே இல்லை. இளநீலம் என்றால் பரலோகம், இரத்தாம்பரம் என்றால் ராஜரீகம், பன்னிரண்டு கல்லுக்கும் பன்னிரண்டு விளக்கம். சரி, உடுத்திய பிறகு என்ன வேலை பார்த்தான் என்று கேட்டால், "பலியிட்டான்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். அதுவும் பாதிதான் சரி.

அன்றாட வேலையிலிருந்து தொடங்குவோம். லேவியராகமம் (லேவி.) 6:8-13. தகனபலி இரா முழுவதும் பலிபீடத்தின்மேல் எரிகிறது. காலையில் ஆசாரியன் சணல்நூல் அங்கியையும் சணல்நூல் சல்லடத்தையும் (உள் கால்சட்டை) போட்டுக்கொண்டு, சாம்பலை எடுத்துப் பலிபீடத்தின் பக்கத்தில் வைக்கிறான். பிறகு அந்த உடையைக் கழற்றி வேறு உடை போட்டுக்கொண்டு, சாம்பலை இஸ்ரவேலர் தங்கிய பாளயத்துக்குப் புறம்பே சுத்தமான இடத்துக்குக் கொண்டுபோகிறான். திரும்பி வந்து விறகு அடுக்குகிறான். "அது ஒருபொழுதும் அவிந்துபோகலாகாது" என்ற வசனம் இந்த இடத்தில்தான் வருகிறது.

கவனியுங்கள்: பலிபீடத்தில் சாம்பல் அள்ளுவதற்குப் பரிசுத்த உடை வேண்டும். கூட்டிப் பெருக்குகிற வேலைதானே, பழைய துணி போதும் என்று நியாயப்பிரமாணம் விடவில்லை. அக்கினியை அனுப்பினவர் கர்த்தர் (லேவி. 9:24), விறகு அடுக்குவதும் சாம்பல் எடுப்பதும் மனுஷன் கையில். சாம்பல் மண்டினால் காற்று புகாது, காற்று புகாவிட்டால் புது விறகு பற்றாது. "அக்கினி இறங்கட்டும்" என்று மணிக்கணக்கில் பாடுகிற நாம் இந்த ஆறு வசனங்களை வாசித்து விளக்கியது எத்தனை முறை?

#2 ஆனதோத்தூரான்

அருமையான தொடக்கம் சகோ. எருசலேமின் இரண்டாம் ஆலய காலத்து நடைமுறையை யூதர்களின் வாய்மொழிச் சட்டத் தொகுப்பான மிஷ்னா வைத்திருக்கிறது (கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்டது, ஆகவே சற்று எச்சரிக்கையோடு வாசிக்க வேண்டும்). அன்றைய முதல் வேலையே சாம்பல் எடுப்பதுதான், சேவல் கூவுகிற நேரத்தில். ஆரம்பத்தில் விரும்புகிறவர்கள் பலிபீடத்தின் சாய்தளத்தில் ஓடி ஏறுவார்கள். யார் முந்துகிறாரோ அவருக்கு அந்த வேலை. ஒருமுறை இருவர் சரிசமமாக ஓடினார்கள். ஒருவர் மற்றவரைத் தள்ளிவிட, கால் ஒடிந்தது. அதற்குப் பிறகுதான் இதற்கும் சீட்டுப் போடும் முறை வந்தது என்று மிஷ்னாவின் யோமா பகுதி சொல்கிறது.

சாம்பல் அள்ளப் போட்டி! நம் சபைகளில் மைக்குக்குத்தான் போட்டி.

இன்னொன்று. "ஆசாரியன் பலியிட்டான்" பாதிதான் சரி என்றீர்களே, அதை விரித்துவிடுகிறேன். லேவி. 1-ஐ வினைச்சொல் வினைச்சொல்லாகப் பிரித்துப் பாருங்கள். மாட்டைக் கொண்டுவருகிறவன், அதன் தலைமேல் கை வைக்கிறவன், கொல்லுகிறவன், தோலை உரிக்கிறவன், துண்டிக்கிறவன், குடல்களையும் தொடைகளையும் கழுவுகிறவன் எல்லாம் பலி கொண்டுவந்த சாதாரண இஸ்ரவேலனே. இரத்தத்தை எடுத்துப் பலிபீடத்தைச் சுற்றித் தெளிப்பது, நெருப்பு போடுவது, கட்டைகளை அடுக்குவது, துண்டங்களை அடுக்கி எரிப்பது ஆகியவை ஆசாரியனுடையவை. பறவையாக இருந்தால் மட்டும் ஆசாரியனே தலையைக் கிள்ளுகிறான் (1:15).

அதாவது ஆராதிக்க வந்தவன் கையில் இரத்தம் படாமல் வீடு திரும்ப முடியாது. தன் மந்தையில் பழுதற்ற ஒன்று குறைகிறது, அதன் கழுத்தில் தன் கையாலேயே கத்தி வைக்கிறான். ஆசாரியன் அவனுக்குப் பதிலாக எல்லாவற்றையும் செய்து முடிக்கிற ஆள் இல்லை. மேடையில் ஏழு பேர் ஆராதிக்க, கீழே எழுநூறு பேர் பார்த்துக்கொண்டிருக்கும் முறைக்கு "லேவியர் ஊழியம்" என்று பெயர் வைப்பவர்கள் லேவி. 1-ஐ ஒருமுறை நிதானமாக வாசிக்கலாம்.

#3 கெபா

சகோதரர்களே, பிரதான ஆசாரியன் மகா பரிசுத்த ஸ்தலத்துக்குள் போகும்போது காலில் கயிறு கட்டிக்கொண்டு போவான், மணிச்சத்தம் நின்றால் செத்துவிட்டான் என்று வெளியே இழுப்பார்கள் என்று சொல்கிறார்களே, அது எந்த அதிகாரத்தில் இருக்கிறது?

#4 மெராரி3200

எந்த அதிகாரத்திலும் இல்லை. மிஷ்னாவில் இல்லை, முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் ஜொசீபஸ் எழுதியவற்றிலும் இல்லை. கயிறு முதன்முதலாகத் தலைகாட்டுவது சோகார் என்ற யூத மறைஞான நூலில். அது 13ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினில் வெளிவந்தது. ஆலயம் இடிந்ததோ கி.பி. 70-ல்.

மணிக்கதை வேதத்தின்படியே நிற்காது. மணிகளும் மாதளம்பழங்களும் தொங்குவது ஏபோத் என்ற மேலாடையின் கீழ் அணியும் நீல அங்கியின் ஓரத்தில் (யாத். 28:33-35). வருஷத்துக்கு ஒருமுறை வரும் பாவநிவிர்த்தி நாளில் உள்ளே போகும்போது அவன் அந்த அங்கியையே போடுவதில்லை. லேவி. 16:4 அணியச் சொல்வது நான்கே உருப்படி: சணல்நூல் சட்டை, சல்லடம், இடைக்கச்சை, பாகை. பொன் இல்லை, மணி இல்லை, மார்ப்பதக்கமும் இல்லை.

இதில்தான் பாடமும் இருக்கிறது. வருஷத்தில் மிக உயர்ந்த அந்த நேரத்தில் அவனுடைய உடை மிக எளிமையானது. மகிமையும் அலங்காரமுமான உடைகள் ஜனங்கள் பார்க்கும் வெளி ஊழியத்துக்கு. தேவனுக்கு முன்பாக வெறும் வெள்ளை நூல்.

#5 சாலேம்வாசி

தகவல்கள் நன்றாக இருக்கின்றன. ஆனால் போகிற திசை சரியில்லை. மன்னிக்கவும், நேராகவே சொல்கிறேன்.

சாம்பலிலிருந்து ஒரு பாடம், உடையிலிருந்து ஒரு பாடம் என்று பிழிந்துகொண்டே போனால் எபிரெயர் நிருபத்துக்கு என்ன வேலை? ஆசாரியத்துவம் மாற்றப்பட்டது, ஆகையால் நியாயப்பிரமாணமும் மாற்றப்படவேண்டும் என்கிறது 7:12. நம் கர்த்தர் யூதா கோத்திரத்தார். அந்தக் கோத்திரத்தின் ஆசாரியத்துவம் பற்றி மோசே ஒன்றும் சொல்லவில்லை (7:14). ஆசரிப்புக் கூடாரத்தின் பணிமுட்டுகளை எண்ணிப் பாருங்கள்: பலிபீடம், தொட்டி, மேஜை, குத்துவிளக்கு, தூபபீடம், பெட்டி. உட்கார ஒரு ஆசனம் கிடையாது. வேலை முடியாதவன் நாடோறும் நிற்கிறான். கிறிஸ்துவோ ஒரே பலியைச் செலுத்தி உட்கார்ந்தார் (10:11-12). லேவியராகமத்தின் பாடம் இது ஒன்றுதான்.

"நாமும் ஆசாரியர்" என்று தொடங்கினால் எங்கே போய் முடியும் தெரியுமா? போதகர் தன்னை ஆரோன் என்பார். அவரைக் கேள்வி கேட்டால் "நான் அபிஷேகம்பண்ணினவர்களைத் தொடாதிருங்கள்" என்று சங். 105:15-ஐ எடுப்பார். அந்தச் சங்கீதம் பேசுவது கானானில் பரதேசிகளாய்த் திரிந்த ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபைப் பற்றி. ஆசாரியனைப் பற்றியே இல்லை.

#6 ஆனதோத்தூரான்

சாலேம்வாசி ஐயா, சங். 105 விஷயத்தில் உங்கள் பக்கம்தான். மற்றதில் ஒரு இடைநிறுத்தம்.

"ஆசாரிய ராஜ்யம்" என்ற அழைப்பு யாத். 19:6-ல் வருகிறது. ஆரோனுக்கு உடை தைக்கச் சொல்வது 28-ஆம் அதிகாரம். முழு ஜனத்துக்கும் கொடுத்த அழைப்பு முந்தியது. பேதுரு அதைத்தான் சபைக்கு எடுத்து வைக்கிறார் (1 பேதுரு 2:5, 9). உதடுகளின் கனியாகிய ஸ்தோத்திரபலி, நன்மைசெய்தல், தானதர்மம் எல்லாம் பலி என்று சொல்வது நீங்கள் காட்டிய அதே எபிரெயர் நிருபம் (13:15-16). பிலிப்பியர் அனுப்பிய காணிக்கையை பவுல் சுகந்த வாசனை என்கிறார் (பிலி. 4:18). லேவி. 1 தெரியாமல் அந்த வரி எப்படி விளங்கும்?

நான் பயன்படுத்தும் அளவுகோல் ஒன்று சொல்கிறேன். எந்தப் பலியின் இரத்தம் கூடாரத்துக்கு உள்ளே போகிறதோ அது கிறிஸ்துவுக்கு மட்டும் உரியது. அதில் நமக்குப் பங்கு இல்லை. லேவி. 4-ல் அபிஷேகம்பெற்ற ஆசாரியனின் பாவத்துக்கும், முழுச் சபையின் பாவத்துக்கும் காளையின் இரத்தம் உள்ளே போய்த் திரைக்கு முன்பாக ஏழுதரம் தெளிக்கப்படுகிறது. அந்தக் காளையை யாரும் தின்னக்கூடாது. பாளயத்துக்குப் புறம்பே சாம்பல் கொட்டுகிற இடத்தில் சுட்டெரிக்கவேண்டும். எபிரெயர் 13:11-12 நகர வாசலுக்குப் புறம்பே பாடுபட்ட இயேசுவோடு இணைப்பது இதைத்தான். தலைவனும் சாதாரண ஜனமும் செய்த பாவத்துக்கோ, இரத்தம் வெளிப் பலிபீடத்தின் கொம்புகளோடு நின்றுவிடுகிறது, மாம்சத்தை ஆசாரியன் புசிக்கிறான் (6:26, 30).

போகிறபோக்கில்: அந்த அதிகாரத்தின் விலைப்பட்டியலைப் பாருங்கள். சாதாரண ஜனத்துக்குப் பெண் வெள்ளாடு, தலைவனுக்கு ஆண் வெள்ளாடு, முழுச் சபைக்குக் காளை. தனி ஒரு ஆளான ஆசாரியனுக்கும் காளை. ஏழைக்கு இரண்டு காட்டுப்புறா அல்லது புறாக்குஞ்சு. அதற்கும் வழியில்லாதவனுக்கு எப்பா என்ற அளவில் பத்தில் ஒரு பங்கு மெல்லிய மா, எண்ணெயும் தூபவர்க்கமும் இல்லாமல் (5:11). ஆசாரியன் ஒருவன் தப்பினால் ஒரு ஜனமே தப்பியதற்குச் சமமான கணக்கு. தங்களை ஆரோன் என்கிறவர்கள் இந்த விலையையும் சேர்த்து ஏற்றுக்கொள்ளட்டுமே.

#7 சாலேம்வாசி

அளவுகோல் உதவும், ஆனால் முழுமையில்லை. எபேசியர் 5:2 கிறிஸ்துவைச் சுகந்த வாசனையான பலி என்கிறது. அது இரத்தம் உள்ளே போகாத தகனபலியின் மொழி. ஆக வெளிப் பலிகளும் முதலில் அவருடையவை, அப்புறம்தான் நம்முடையவை. வரிசையை மாற்றாதவரை எனக்குச் சண்டை இல்லை.

#8 கெபா

"அபிஷேக தைலம்" என்று சின்னப் புட்டியில் விற்கிறார்களே, யாத்திராகமத்தில் சொன்ன அதே பொருட்களால் செய்தது என்று விளம்பரம். சரியா?

#9 மெராரி3200

செய்முறை யாத். 30:23-24-ல் இருக்கிறது: வெள்ளைப்போளம் 500 சேக்கல், கருவாப்பட்டை 250, சுகந்த வசம்பு 250, இலவங்கப்பட்டை 500, ஒலிவ எண்ணெய் ஒரு குடம். ஒரு சேக்கல் சுமார் 11 கிராம் என்று வைத்தால் வாசனைப் பொருள் மட்டும் 16-17 கிலோ. எண்ணெயோ நான்கு முதல் ஆறு லிட்டருக்குள். அவ்வளவு பட்டைக்கு அந்த எண்ணெய் நனைக்கவே காணாது. பழைய ரபீமாரும் இதைக் கேட்டிருக்கிறார்கள். பட்டைகளைத் தண்ணீரில் ஊறவைத்து, மேலே எண்ணெயை ஊற்றி, வாசனை ஏறியதும் எண்ணெயை வழித்தெடுத்தார்கள் என்பது அவர்களில் ஒருவர் தந்த பதில்.

ஆனால் உங்கள் கேள்விக்கு விடை செய்முறையில் இல்லை, 30:32-33-ல் இருக்கிறது. அதை மனுஷர் சரீரத்தின்மேல் வார்க்கலாகாது, அந்த முறைப்படி வேறொன்றைச் செய்யவும் கூடாது, செய்கிறவன் ஜனத்தில் இராதபடி அறுப்புண்டு போவான். "அதே பொருட்களால் செய்தது" என்ற விளம்பரம்தான் அந்த வசனம் தடைசெய்கிற காரியம். விற்பதற்குச் சொல்லும் தகுதியே குற்றச்சாட்டாகிவிடுகிறது! தூபவர்க்கத்துக்கும் இதே தடை உண்டு (30:37-38).

யாக்கோபு 5:14-ல் மூப்பர் பூசுவது வெறும் எண்ணெய். வீட்டில் இருப்பதே போதும்.

#10 ஈசோப்பு

இழை முழுக்கப் பலிபீடத்தைச் சுற்றியே நிற்கிறது அண்ணன்மாரே. ஆசாரியனுடைய வேலைகளில் வேதம் மிக விரிவாக எழுதிவைத்திருப்பவற்றில் ஒன்றை யாரும் தொடவில்லை. லேவி. 13-ம் 14-ம்: 59 வசனம், 57 வசனம்.

குஷ்டம் என்று நம் வேதாகமம் சொல்வது பலவகைத் தோல்நோய், துணியில் பிடிக்கும் பூஞ்சு, வீட்டுச் சுவரில் படரும் கறை எல்லாவற்றையும் சேர்த்து. ஆசாரியன் இதில் வைத்தியன் இல்லை. ஒரு மருந்தும் கொடுப்பதில்லை. பார்க்கிறான், தீர்ப்பு சொல்கிறான். முறை இது. தடிப்பு, அசறு, வெள்ளைப்படர் உள்ளவனை அவனிடம் கொண்டுவருகிறார்கள். இரண்டு அடையாளம் பார்க்கவேண்டும்: அவ்விடத்து ரோமம் வெளுத்திருக்கிறதா, இடம் சுற்றியுள்ள தோலைவிடப் பள்ளமாகத் தெரிகிறதா. இரண்டும் இருந்தால் தீட்டு. சந்தேகம் என்றால் தீர்ப்பு இல்லை, ஏழுநாள் அடைத்துவைக்கிறான். ஏழாம் நாளில் பார்த்தும் தெளிவில்லையா, இன்னும் ஏழுநாள். அதன்பின் மங்கியிருந்து, பரவாமலிருந்தால், "அது அசறுதான் (வெறும் சொறி), வஸ்திரத்தைத் தோய்த்துவிட்டுப் போ" என்று அனுப்புகிறான்.

ஏன் இத்தனை நிதானம்? தவறாகத் தீட்டென்று சொன்னால் ஒருவன் கிழிந்த வஸ்திரத்தோடு, "தீட்டு, தீட்டு" என்று கூவிக்கொண்டு பாளயத்துக்குப் புறம்பே தனியே குடியிருக்கவேண்டும். தவறாகச் சுத்தமென்று சொன்னால் முழுப் பாளயத்துக்கும் பாதிப்பு. ஆகவே அடையாளங்கள் முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கின்றன. ஆள் யார், வசதி என்ன, முகதாட்சணியம் எதற்கும் இடமில்லை.

13:12-13 இன்னும் வியப்பு. தலைமுதல் கால்மட்டும் முழுவதும் வெளுத்துப்போனவன் சுத்தமுள்ளவன்! பச்சைப் புண் தெரிகிற நாளில்தான் தீட்டு. பார்வைக்குப் பயங்கரமாக இருப்பதும் தீட்டாயிருப்பதும் ஒன்றல்ல. பார்த்தவுடன் அருவருப்பில் தீர்ப்புச் சொல்கிற ஆசாரியன் இந்த வசனத்தில் இடறுவான்.

வீட்டுக்கு வரும் பிரமாணத்தில் ஒரு இரக்கம் இருக்கிறது (14:36). ஆசாரியன் பார்க்க வருமுன்னே வீட்டிலுள்ளவற்றை வெளியே எடுத்துவைத்துவிடச் சொல்லுகிறான். அவன் உள்ளே வந்து தீட்டென்று சொல்லிவிட்டால் பானை, பாய், துணி எல்லாம் தீட்டாகிவிடும். அதற்கு முன்பே ஏழையின் சாமான் வெளியே வந்துவிடவேண்டும். தீர்ப்பு சொல்லப்போகிறவனே நஷ்டத்தைக் குறைக்க வழி சொல்லிக்கொடுக்கிறான். பிறகும் உடனே இடிப்பதில்லை: ஏழுநாள் பூட்டு, கறைபட்ட கல்லை மட்டும் பெயர், சுவரைச் சுரண்டு, வேறு கல் வைத்துப் புதுச் சாந்து பூசு, மறுபடி பார். மீண்டும் படர்ந்தால்தான் இடி.

சபையில் ஒழுங்கு நடவடிக்கை எடுக்கும் மூப்பர்களுக்கு இந்த இரண்டு அதிகாரங்களையும் பாடமாக வைக்கலாம். ஒரு வாட்ஸ்அப் செய்தி வந்தவுடன் ஞாயிற்றுக்கிழமை மேடையில் பெயர் சொல்லி அறிவிக்கிற வழக்கம் எந்த லேவியராகமத்தில் உண்டு?

#11 ஆனதோத்தூரான்

சகோதரி, 14-ஆம் அதிகாரத்தின் இரண்டாம் பாதியையும் நீங்களே எழுதிவிடுங்கள். காது, கைப்பெருவிரல், கால்பெருவிரல்.

#12 ஈசோப்பு

எழுதுகிறேன். சுகமானவனிடம் ஆசாரியன் பாளயத்துக்கு வெளியே நடந்துபோகிறான் (14:3). நோயாளி உள்ளே வரமுடியாது, ஆகவே ஆசாரியன் வெளியே போகவேண்டும். உயிருள்ள இரண்டு பறவை, கேதுருக்கட்டை, சிவப்புநூல், ஈசோப்பு. ஒரு பறவையை ஊற்றுநீர் உள்ள மண்பாத்திரத்தின்மேல் கொன்று, அந்த இரத்தத்தை அவன்மேல் ஏழுதரம் தெளித்து, மற்றப் பறவையை வெளியிலே விட்டுவிடுகிறான். அவன் ரோமம் முழுவதையும் சிரைத்துக் குளித்துப் பாளயத்துக்குள் வருகிறான், ஆனால் ஏழுநாள் தன் கூடாரத்துக்கு வெளியே. ஏழாம் நாள் புருவம் உட்பட மறுபடி சிரைக்கவேண்டும். எட்டாம் நாள் பலி: குற்றநிவாரண பலியின் இரத்தத்தை வலது காது மடலிலும், வலது கைப்பெருவிரலிலும், வலது கால்பெருவிரலிலும் பூசுகிறார்கள். அந்த இரத்தத்தின்மேல் எண்ணெய்; மீதி எண்ணெய் தலையில்.

இப்போது லேவி. 8:23-24-க்குத் திரும்புங்கள். ஆரோனையும் அவன் குமாரரையும் பிரதிஷ்டைபண்ணும்போது இரத்தம் பூசப்படும் இடங்கள்: வலது காது, வலது கைப்பெருவிரல், வலது கால்பெருவிரல். அங்கேயும் ஏழுநாள் காத்திருப்பு, எட்டாம் நாள் தொடக்கம். நியாயப்பிரமாணம் முழுவதிலும் இந்த மூன்று இடங்களில் இரத்தம் பூசப்படுகிறவர்கள் இரண்டே பேர்: பிரதான ஆசாரியன் குடும்பமும், திரும்பிவந்த குஷ்டரோகியும். மிக உள்ளே நிற்கிறவனுக்கும் மிக வெளியே தள்ளப்பட்டவனுக்கும் ஒரே சடங்கு. "உன்னை ஆசாரியனுக்குக் காண்பி" என்று இயேசு சொன்னபோது (மத். 8:4) அந்த மனுஷனை எந்த எட்டாம் நாளுக்கு அனுப்பினார் என்பது இப்போது புரியும்.

#13 கெபா

ஆரோனின் குமாரர் நாதாபும் அபியூவும் கர்த்தருக்கு முன்பாகச் செத்தார்களே, அவர்கள் செய்த தப்பு என்ன? குடித்திருந்தார்கள் என்று ஒரு பிரசங்கி அடித்துச் சொன்னார்.

#14 மெராரி3200

வேதம் சொல்லுகிற காரணம் ஒன்றே: கட்டளையிடாத அந்நிய அக்கினியைக் கொண்டுவந்தார்கள் (10:1). மது பற்றிய தடை சற்றுப் பின்னால் 10:9-ல் வருவதால் குடித்திருப்பார்கள் என்பது ஊகம். ஊகம் என்று சொல்லிப் பிரசங்கித்தால் தவறில்லை. அந்தத் தடையின் காரணம் 10:10-11-ல் இருக்கிறது: பரிசுத்தமானதையும் பரிசுத்தமில்லாததையும் வித்தியாசம்பண்ணவும், ஜனங்களுக்குப் போதிக்கவும் தெளிந்த புத்தி வேண்டும்.

யாரும் பிரசங்கிக்காத முடிவு ஒன்று அதே அதிகாரத்தில் உண்டு. பாவநிவாரண வெள்ளாட்டை ஆரோன் குடும்பம் புசித்திருக்கவேண்டும், இரத்தம் உள்ளே போகவில்லை, ஆகவே மாம்சம் அவர்களுடையது (சகோ. ஆனதோத்தூரானின் அளவுகோல் இங்கே கச்சிதமாகப் பொருந்துகிறது). புசிக்காமல் எரித்துவிட்டார்கள். மோசே கோபப்படுகிறார். இப்படி எனக்கு நேரிட்ட நாளில் நான் அதைப் புசித்திருந்தால் கர்த்தரின் பார்வைக்கு நன்றாயிருக்குமோ என்று ஆரோன் கேட்கிறான். மோசே அதைக் கேட்டு அமைதலானார். காலையில் கட்டளையை மீறிய இரண்டு பேர் மாண்டார்கள். மாலையில் துக்கத்தோடு ஒரு விதியைத் தவறவிட்டவனுக்குத் தண்டனை இல்லை. தன்னிஷ்டமாக நெருங்குவதும் நடுக்கத்தோடு விலகி நிற்பதும் கர்த்தருக்கு ஒன்றாகத் தெரிவதில்லை.

#15 சாலேம்வாசி

சீலோவில் ஆசாரியனாயிருந்த ஏலியின் குமாரரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சமாதான பலியில் ஆசாரியனுக்கு மார்க்கண்டமும் வலது முன்னந்தொடையும் என்று பங்கு தெளிவாக இருக்கிறது (லேவி. 7:31-32). கொழுப்பு முழுவதும் கர்த்தருக்கு. சீலோவில் மூன்று கூருள்ள ஆயுதத்தைக் கொப்பரையில் குத்தி வந்ததையெல்லாம் எடுத்தார்கள், அதிலும் திருப்தியில்லாமல், கொழுப்பைத் தகனிக்குமுன்னே பச்சை இறைச்சி கேட்டார்கள் (1 சாமு. 2:13-16). முதலில் பங்கைக் கூட்டினார்கள், பிறகு வரிசையை மாற்றினார்கள். தேவனுடைய பங்குக்கு முன்னால் தங்கள் பங்கு. ஊழியப் பணம் கெட்டுப்போவதும் இதே இரண்டு படியில்தான்.

லேவியர் வாங்கிய தசமபாகத்தில் பத்தில் ஒன்றை அவர்களே செலுத்தவேண்டும் (எண். 18:26). வாங்குகிறவனும் கொடுக்கவேண்டும். இதையும் யாரும் பிரசங்கிப்பதில்லை.

#16 நெறியாளர்

தசமபாகம் இன்றைக்கு உண்டா இல்லையா என்ற விவாதத்துக்குத் தனி இழை இருக்கிறது. இங்கே வேண்டாம், தயவுசெய்து.

#17 ஆனதோத்தூரான்

லேவியரின் மூன்று வம்சங்களில் ஒன்றான கோகாத்தியரைப் பற்றிச் சுருக்கமாக. எண். 7:7-9-ல் கெர்சோன் புத்திரருக்கு இரண்டு வண்டில், நான்கு மாடு. மெராரி புத்திரருக்கு நான்கு வண்டில், எட்டு மாடு. கோகாத் புத்திரருக்கு ஒன்றும் இல்லை. அவர்கள் சுமப்பது தோளின்மேல். மிகப் பரிசுத்தமானதைச் சுமக்கிறவனுக்கு மாட்டுவண்டி கிடையாது. தாவீது உடன்படிக்கைப் பெட்டியைப் புது இரதத்தில் ஏற்றினார் (2 சாமு. 6:3); அது பெலிஸ்தர் கையாண்ட வழி (1 சாமு. 6:7). மாடு இடறியது, ஊசா பெட்டியைப் பிடிக்கக் கையை நீட்டினான், செத்தான். இரண்டாம் முறை தாவீது லேவியரை அழைத்து, நியாயமானபடி தேவனைத் தேடாதே போனோம் என்று சொல்லித் தண்டுகளால் தோளில் சுமக்கவைத்தார் (1 நாளா. 15:13-15). இரதம் புதியதுதான், பாடல் சத்தமும் பெரிதுதான், முறை தப்பு.

50 வயதில் லேவியன் சுமக்கும் வேலையை விடவேண்டும், ஆனால் சகோதரரோடேகூடக் காவல்காக்கலாம் (எண். 8:25-26). எண்பதிலும் சாவியை விடாத தலைவர்கள் உள்ள அமைப்புகளுக்கு இது தனிப்பாடம்.

#18 ஈசோப்பு

எசேக்கியா ராஜாவின் காலமும் வேண்டும். ஆலயத்தைச் சுத்திகரிக்க 16 நாள் ஆனது: வெளியிலிருந்து மண்டபம்வரை எட்டு, உள்ளே எட்டு (2 நாளா. 29:17). முதல் மாதம் 14-ல் வரவேண்டிய பஸ்கா தப்பிப்போய் இரண்டாம் மாதத்துக்குத் தள்ளிப்போனது. தகனபலிக்கு 70 காளை, 100 ஆட்டுக்கடா, 200 ஆட்டுக்குட்டி வந்தபோது தோலுரிக்க ஆசாரியர் போதவில்லை. காரணம் ஆள்பஞ்சம் மட்டுமில்லை. அநேகர் இன்னும் தங்களைப் பரிசுத்தம்பண்ணவில்லை. லேவியர் கைகொடுத்தார்கள், அவர்கள் ஆசாரியரைப் பார்க்கிலும் மனஉற்சாகமாயிருந்தார்கள் என்று எழுதியிருக்கிறது (29:34). மேல்மட்டம் தயாராகாத நாளில் இரண்டாம் வரிசை வேலையை முடித்தது.

#19 கெபா

கடைசிக் கேள்வி. ஆறாம் வாரம் பாவநிவிர்த்தி நாள் என்று வைத்தால், லேவி. 16 முதலில் வாசிப்பதா, எபிரெயர் 9 முதலில் வாசிப்பதா?

#20 சாலேம்வாசி

நான் எபிரெயர் என்பேன் என்று எதிர்பார்ப்பீர்கள். இல்லை, லேவி. 16 முதலில். வேலையின் பாரம் தெரியாமல் "ஒரேதரம்" என்பதன் விடுதலை தெரியாது.

#21 ஆனதோத்தூரான்

அதையே சொல்லவந்தேன். வகுப்பில் அந்த நாளை மணிக்கணக்குப்படி நடத்திக் காட்டுங்கள். லேவி. 16-ன்படி முதலில் தூபத்தோடு உள்ளே. அடுத்து தனக்காகவும் தன் வீட்டாருக்காகவும் காளையின் இரத்தத்தோடு. அடுத்து ஜனத்துக்காக வெள்ளாட்டின் இரத்தத்தோடு. தூபகலசத்தைத் திரும்ப எடுக்க நான்காம் முறை என்று மிஷ்னா சேர்க்கிறது. அன்றைக்கு ஐந்து முழுக்கு, கைகால் கழுவுதல் பத்து. ஏழுநாள் முன்பே அவனை வீட்டிலிருந்து பிரித்து வைத்து, மூப்பர்கள் முறையை வாசித்துக் காட்டுவார்கள். மறந்திருக்கலாம், கற்காமலேயும் இருந்திருக்கலாம் என்று அவன் முகத்துக்கு நேரே சொல்வார்கள். இரவில் கண் சொருகினால் இளம் ஆசாரியர் விரலைச் சொடுக்கி எழுப்பி, குளிர்ந்த தரையில் நிற்கச் சொல்வார்கள்.

இரத்தம் தெளிக்கும்போது எண்ணிக்கை தப்பாதபடி வாய்விட்டு எண்ணுவான்: ஒன்று, ஒன்றும் ஒன்றும், ஒன்றும் இரண்டும், இப்படி ஒன்றும் ஏழும் வரை. மேல்நோக்கி ஒரு தெளிப்பு, கீழ்நோக்கி ஏழு. இரண்டாம் ஆலயத்தில் உடன்படிக்கைப் பெட்டியும் கிருபாசனமும் கிடையாது. தரையிலிருந்து மூன்று விரற்கடை உயர்ந்த ஒரு கல் இருந்தது, தூபகலசத்தை அதன்மேல் வைத்தார்கள் என்கிறது அதே யோமா. இயேசுவின் காலத்துப் பிரதான ஆசாரியன் காய்பா உள்ளே போன ஆண்டுகளிலும் அந்த அறை அப்படித்தான் இருந்தது. இதை முடித்துவிட்டு எபிரெயர் 9:11-ஐத் திறங்கள்.